பந்திப் பேயைத் தேடி வந்த மகனுக்கு

புது வேலைக்குப் பம்பாய் போய்ச் சேர்ந்ததாக நீ எழுதிய கார்டு நேற்று மத்தியானம் வந்தது, தம்பி. நாலே வரி. அறை சின்னது, ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை, குழம்பில் சர்க்கரை போடுகிறார்கள், தை பிறந்ததும் கல்யாணத்துக்கு நாள் பார்க்கலாம் என்று சாந்தி வீட்டில் சொல்கிறார்கள். உன் அப்பா அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார். மூன்றாம் முறை நான் வாங்கிப் படித்தேன். போன சித்திரையில், இலைக்கு முன்னால் சோற்றுக் கையோடு உட்கார்ந்து, நீ என்னிடம் ஒன்று கேட்டாய். அதைப் பற்றி அந்தக் கார்டில் ஒரு சொல் இல்லை. நானும் இதுவரை பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வாய் வரவில்லை. அப்புறம் ஷூட்டிங் வந்தது, அப்புறம் உன் ரயில் வந்தது. இப்போது எழுதுகிறேன். முடித்ததும் உன் அப்பா படிப்பார். சாந்தியும் படிக்கட்டும். வேறு யார் கையில் கிடைத்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. ஒளித்து வைத்தது போதும்.

முதலிலிருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததும் நடுவில் வரும், பொறுத்துக்கொள். உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஆரப்பாளையத்துக்கு வருவதற்கு முன்னால், வாடிப்பட்டியில் பள்ளிக்கூடம் படித்த நாளில், நான் நாடகத்தில் நடித்திருக்கிறேன். ஆண்டு விழா நாடகம்தான். எழுதிப் பழக்கியவர் எங்கள் ஊர் வேலுச்சாமி அண்ணன். ஒரு நாடகத்தில் நான் கல்லாய்ச் சமைந்த பெண்ணாக முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். மற்ற பிள்ளைகளுக்கெல்லாம் வசனம் இருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஊர் என்னைத்தான் பார்த்தது. அந்த முக்கால் மணி நேரத்தை நான் மறக்கவே இல்லை. கல்யாணமாகி, நீ பிறந்து, இரண்டாம் வகுப்புக்குப் போக ஆரம்பித்த வருஷம், மெட்ராசில் சினிமாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த வேலுச்சாமி அண்ணன் சொந்தமாகப் படம் எடுக்க ஊருக்கே திரும்பி வந்தார். பேய்ப் படம், ஆனால் சிரிப்புப் படம். அவருக்கு அசையாமல் இருக்கத் தெரிந்த ஒரு பெண் வேண்டியிருந்தது.

கதை உனக்கு மனப்பாடம். பெரியப்பா மகன், சித்தப்பா மகன் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்துச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். அந்தப் பங்களாவில்தான் முன்னொரு காலத்தில் ஒரு பெண், தன் கல்யாணத்தன்று, பந்தியில் உட்காரும் முன்பே செத்துப்போயிருக்கிறாள். பசியோடு போனதால் அவள் அடங்கவில்லை. யார் இலை போட்டாலும் வரிசையின் கடைசி இலைக்கு வந்து உட்காருவாள். பரிமாற வருகிறவன் அவளைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டு ஓடுவான். அவள் வெற்று இலையையே பார்த்திருந்துவிட்டு மறைந்துபோவாள். மூன்று படம் வந்தது, மூன்றிலும் அவளுக்கு ஒரு பருக்கை கிடைக்கவில்லை. மூன்றுக்கும் மூன்று பெயர் உண்டு என்றாலும் மதுரையில் யாரும் அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. முதல் பந்திப்பேய், ரெண்டாவது பந்திப்பேய், மூணாவது பந்திப்பேய், அவ்வளவுதான். படத்தின் தொடக்கத்தில் நடிகர்கள் பெயரெல்லாம் ஓடி முடிந்ததும், ‘பேயாக நடிப்பவர்: பேய்’ என்று ஒரு அட்டை வரும். கொட்டகையே சிரிக்கும்.

அந்த அட்டை வேலுச்சாமி அண்ணனின் குறும்பு என்று ஊர் நினைத்தது. அது உன் அப்பா போட்ட நிபந்தனை. அண்ணன் நம் வீட்டுக்கு வந்து அவரிடம்தான் கேட்டார். உன் அப்பா லாரி புக்கிங் ஆபீசிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் யோசித்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். தன் கூடப்பிறந்தவர்கள் என்ன சொல்வார்கள், ஆபீசில் என்ன பேசுவார்கள் என்ற பயம். முகம் தெரியக்கூடாது, பெயர் வரக்கூடாது, பையனுக்குத் தெரியக்கூடாது என்று மூன்று சொன்னார். உனக்குத் தெரிந்தால் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கே தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு. நான் மூன்றுக்கும் தலையாட்டினேன். குடும்பக் கஷ்டத்துக்காக நடிக்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டால் கேட்க நன்றாக இருக்கும். அது பொய். ஆசைப்பட்டுப் போனேன். இதை நான் முதன்முதலாக எழுதுகிறேன்.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி, அந்தப் படங்களின் ராத்திரியெல்லாம் பட்டப்பகல். அப்போது கறுப்பு வெள்ளைப் படம். நல்ல உச்சி வெயிலில் கேமராவுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டுவார்கள். அதன் வழியாக எடுத்தால் வானம் கறுத்துவிடும், வெயில் நிலவாகிவிடும். ஒருநாள் கேமராக்காரர் என்னையும் பார்க்கச் சொன்னார். எனக்கு எல்லாம் செக்கச் செவேலென்றுதான் தெரிந்தது. படத்தில் பார்க்கும்போது அதே தென்னந்தோப்பு பால் ஊற்றிய மாதிரி மினுங்குகிறது. வாடிப்பட்டிக்கு மேற்கே அந்தப் பங்களா. பின்னால் சிறுமலை வெயிலில் கரைந்து, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் நிற்கும். சனமெல்லாம் நிழலுக்குள் ஒடுங்கிய நேரத்தில் நான் வெள்ளைச் சேலையும் முகத்தை மறைக்க விரித்த தலையுமாக வெந்த தரையில் நடந்து போவேன். காலில் சூடு உறைக்காது. கிணற்றடியில் புறா முனகும், எங்கேயோ ஒரு பம்புசெட்டு ஓடும். நடந்துகொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் நானே எனக்குத் தூரமாகப் போய்விட்டது போலிருக்கும். யாருடைய பெண்டாட்டியும் இல்லை, யாருக்கும் அம்மா இல்லை, பசித்த ஒருத்தி, அவ்வளவுதான். சாயங்காலம் நீ பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் ஆரப்பாளையம் பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவேன். அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன் என்பேன். முகத்து வெள்ளையைத் தேங்காய் எண்ணெய் போட்டுத்தான் எடுக்க முடியும். உன்மேல எண்ணெய் வாசம் அடிக்குதும்மா என்று நீ முகத்தைச் சுளிப்பாய்.

இனிமேல்தான் எழுதக் கஷ்டமானது வருகிறது. முதல் படம் வந்ததும் உன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் பார்த்துவிட்டு வந்து உன்னை ஏங்க வைத்தார்கள். நீ மூன்று நாள் அழுதாய். உன் அப்பா வேண்டாம் என்றார். நான்தான் ஒரு சனிக்கிழமை மத்தியான ஆட்டத்துக்கு உன்னைக் கூட்டிப்போனேன். பெண்கள் பக்கம் உட்கார்ந்தோம். பொரிகடலைப் பொட்டலத்தை நீ மடியில் வைத்திருந்தாய். அந்த அண்ணன் தம்பி அடிக்கும் கூத்துக்கு விழுந்து விழுந்து சிரித்தாய். அப்புறம் பந்தி வந்தது. இலை வரிசை, நிலா வெளிச்சம், கடைசி இலை. நான் உட்கார்ந்தேன். கையை ஊன்றாமல், முதுகு வளையாமல், கொடியில் கிடக்கும் ஈரத்துணி மெல்ல நழுவி இறங்குவது போல. கொட்டகை முழுக்க ஒரு பெருமூச்சு. அப்புறம் அலறல். எனக்கு முன்வரிசையில் ஒரு அம்மா தாலியைப் பிடித்துக்கொண்டாள். நீ பொட்டலத்தைக் கொட்டிவிட்டு என் மடியில் முகத்தைப் புதைத்தாய். உன் உடம்பு நடுங்கியது. என் தொடையெல்லாம் உன் கண்ணீர்.

நான் உன்னைக் குனிந்து பார்க்கவில்லை, தம்பி. கை மட்டும் உன் முதுகைத் தட்டியது. கண் திரையில் இருந்தது. நான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அலறலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக நான் சந்தோஷப்பட்டதில்லை, அந்த ஒரு நிமிஷத்துக்கு ஈடாக வெட்கப்பட்டதும் இல்லை.

அதற்குப் பிறகு நீ எந்தக் கல்யாண வீட்டிலும் கடைசி இலையில் உட்காரவில்லை. உன் அத்தை கல்யாணத்தில் தெரியாமல் யாரோ உன்னை ஓரத்தில் உட்கார வைக்க, சாப்பிடாமலே எழுந்து ஓடி வந்தாய். வீட்டில் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் சாப்பிடுவாய். பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று கையைத் துழாவிப் பார்ப்பாய். இரண்டு வருஷம், மூன்று வருஷம் அப்படியே போயிற்று. உன் அப்பா ஒருதரம், இவன்கிட்ட சொல்லிப்புடுவமா என்று என்னிடம் கேட்டார். நிபந்தனை போட்டவரே கேட்டார். நான், வேண்டாம், வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டேன். இரண்டாவது படத்தில் நடித்தேன். மூன்றாவதிலும் நடித்தேன். மூன்றாவது படத்தில் நான் உட்கார்ந்ததும் சனம் கைதட்டிச் சிரித்தது, பேய் பழகிப்போய்விட்டது. அதோடு வேலுச்சாமி அண்ணன் நிறுத்திக்கொண்டார். நான் சமையலறைக்குத் திரும்பி வந்தேன். நீயும் வளர்ந்தாய். பயம் போய், அந்தப் பேய் உனக்குப் பிரியமாகிவிட்டது. கல்லூரியில் படிக்கும்போது உன் சிநேகிதர்களுக்கு அந்த வசனங்களையெல்லாம் சொல்லிக் காட்டுவாய். நான் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன்.

நீ மெட்ராசில் டிவி நாடகக் கம்பெனியில் உதவி டைரக்டராகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். கொடைக்கானல் மலையில் டவர் வந்து, நம் தெருவிலும் மொட்டைமாடிக்கு மொட்டைமாடி ஆன்டெனா முளைத்திருந்த நேரம். பந்திப்பேயை டிவிக்காக மறுபடி எடுக்கப்போகிறோம், பதிமூன்று வாரம் என்று சொல்லிக்கொண்டு நீ வந்து இறங்கினாய். யோசனையே உன்னுடையது என்றாய். உன் டைரக்டருக்கு ஒரு பிடிவாதம், பேய் மட்டும் பழைய பேய்தான் வேண்டும். ஏழெட்டு நடிகைகளை உட்காரச் சொல்லிப் பார்த்தாராம். ஒருத்திக்கும் அந்த உட்காருதல் வரவில்லையாம். வேலுச்சாமி அண்ணன் செத்து நாலு வருஷம். அந்தப் பெண் யார் என்று தெரிந்த ஆள் கிடையாது. மதுரைப் பக்கத்துப் பொம்பளை என்று மட்டும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மதுரைக்காரன் என்பதால் உன்னை அனுப்பியிருக்கிறார். இதையெல்லாம் நீ என் கையால் தோசை வாங்கித் தின்றுகொண்டே சொன்னாய். உன் அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. உங்களுக்குத் தெரியுமாப்பா என்று அவரைக் கேட்டாய். எனக்கென்ன தெரியும், நான் லாரி ஆபீஸ் என்றார்.

பத்து நாள் நீ அலைந்தாய். காலையில் போவாய், மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவாய். சாப்பிட்டுக்கொண்டே அன்றைய துப்பைச் சொல்வாய். அலங்காநல்லூரில் ஒரு பழைய நாடகக்காரர், அவள் மலையாளத்துக்காரி என்று சொன்னாராம். ஆரப்பாளையத்து டீக்கடையில் ஒருவர், அது பொம்பளையே இல்லை, பெண்வேஷம் போட்ட ஆள், எனக்குச் சொந்தக்காரன் என்று சத்தியம் செய்தாராம். பங்களாவுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், யாரும் நடிக்கவில்லை, படம் எடுக்கும்போது அதுவாகவே வந்து உட்கார்ந்தது, கேமராவில் விழுந்துவிட்டது என்றாராம். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். ரசம் ஊற்றினேன். நீ போன பிறகு சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து பார்த்தேன். முதல் நாள் பாதியில் கையை ஊன்றிவிட்டேன். வலது முட்டி கடகடவென்றது. நாற்பத்துநாலு வயதுக்கு அந்த உட்காருதல் ஆகாது என்று முட்டி சொன்னது. நான் அதன் பேச்சைக் கேட்கவில்லை. தினமும் மத்தியானம் உட்கார்ந்தேன்.

பதினோராவது நாள் வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தேன், தலை காயவில்லை. உன் அப்பா ஆபீசுக்குப் போயிருந்தார். நீ வந்து இலையில் உட்கார்ந்து, சாயங்கால வண்டிக்குக் கிளம்புகிறேன் என்றாய். அந்தம்மா செத்துப்போய்விட்டாள் என்று டைரக்டரிடம் சொல்லிவிடப் போவதாகச் சொன்னாய். நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். உயிரோடு இருக்கும்போதே மகன் வாயால் அதைக் கேட்டவள் நான். சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தேன். இன்னொரு இலையை எடுத்து உன் இலையிலிருந்து நாலு முழம் தள்ளிப் போட்டேன். ஈரத்தலையை முன்னால் தள்ளினேன். உட்கார்ந்தேன்.

உன் கையில் இருந்த கவளம் இலையில் விழுந்த சத்தம் கேட்டது. நீ சிரிப்பாய் என்று நினைத்தேன். கட்டிக்கொள்வாய் என்றுகூட நினைத்தேன். ஆனால் நீ கேட்டாய், “அம்புட்டு நாளும் தெரிஞ்சுக்கிட்டேதான் இருந்தியாம்மா? நான் செவுத்துல ஒட்டிக்கிட்டுச் சாப்பிடயில?”

நான் தலையை நிமிர்த்தவில்லை. நீ கைகூடக் கழுவாமல் எழுந்து போனாய். சாயங்கால வண்டிக்கும் போகவில்லை. பொழுது சாயும் நேரத்துக்குத் திரும்பி வந்து, வாசல்படியிலேயே நின்று, “டைரக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டேன். அடுத்த வியாழக்கிழமை ஷூட்டிங். வாரீங்களா?” என்று கேட்டாய். பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசிய பிள்ளை. அந்த ‘ங்க’ என் நெஞ்சில் வந்து தைத்த மாதிரி எதுவும் தைத்ததில்லை. வாரேன் என்றேன்.

அதே பங்களா. கூரையில் பாதி இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, தென்னை மட்டும் இரண்டாள் உயரம் கூடியிருந்தது. இது கலர்ப் படம். சிவப்புக் கண்ணாடி மாட்டினால் எல்லாம் ரத்தமாகிவிடும் என்று கேமராக்காரர் சிரித்தார். பெரிய பெரிய விளக்கெல்லாம் வரவழைக்க வேண்டும் என்று உன் டைரக்டர் கவலைப்பட்டார். பேய் பகலிலேயே வரட்டும் சார், வெயிலில் வந்து உட்காரும் பேயைப் பார்த்தால்தான் சனத்துக்குத் தூக்கிவாரிப் போடும் என்று நீ சொன்னாய். அவர் சரி என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் என்னை நீ எல்லாரிடமும், இவங்கதான் அந்தம்மா என்று மட்டும்தான் சொன்னாய். சாப்பிட்டீங்களா என்றாய், நிழல்ல உக்காருங்க என்றாய். யூனிட்டில் ஒருவருக்கும் நான் யார் என்று தெரியாது. எட்டு நாள் நான் உன் படத்தில் வேலை பார்க்க வந்த ஒரு வயசான பொம்பளையாக இருந்தேன். இவன் மூன்று வருஷம் பட்டதை நான் எட்டு நாள் பட்டால் என்ன என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கடைசி நாள் கடைசிக் காட்சி. பந்தி வரிசை முற்றத்தில். சூரியன் நேர் உச்சியில் நின்றது, ஆளுக்கு நிழலே இல்லை. இலைகள் ஒவ்வொன்றும் விளக்கு ஏற்றி வைத்தது போல் பச்சையாக எரிந்தன. சிறுமலை அதே மாதிரி கரைந்து நின்றது. நான் நடந்து வந்தேன். முட்டி என்ற ஒன்று எனக்கு இருப்பதே மறந்துபோயிற்று. உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் வாளியைப் போட்டுவிட்டு ஓடினார். வெற்று இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓகே என்றார்கள், கைதட்டினார்கள், எல்லாரும் எழுந்து போனார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வலது கால் என்னுடையதாகவே இல்லை. யாரையும் கூப்பிடவும் வாய் வரவில்லை. பெரிய நடிகை, இன்னும் பாத்திரத்திலிருந்து வெளியே வரவில்லை என்று நினைத்து யூனிட் ஆட்கள் மரியாதையாக என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அந்த வெயிலில், அந்த இலைக்கு முன்னால், எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. தலைக்குள் பம்புசெட்டு ஓடுகிற மாதிரி இருந்தது.

நீ வந்து எனக்கு எதிரே குந்தினாய். முட்டியா என்று கேட்டாய். தலையாட்டினேன். “சொன்னா என்னம்மா? இதைக்கூட சொல்ல மாட்டியா நீ?” என்றாய். பின்னால் நின்ற ஒரு பையன், அம்மாவா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டது எனக்குக் கேட்டது. நீ அதைக் கவனிக்கவே இல்லை. என் காலை மெதுவாக நீட்டிவிட்டு, தைலம் கொண்டுவரச் சொல்லி ஆள் அனுப்பினாய். அப்புறம் சுற்றிப் பார்த்தாய். சோற்று வாளி கவிழாமல் கிடந்தது. அதை இழுத்து, என் இலையில் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றினாய். “உக்காந்தது உக்காந்துட்ட. சாப்புடு” என்றாய். நான் சாப்பிட்டேன். கண்ணீர் விழுந்து சாம்பாரில் உப்புக் கூடிப்போயிற்று. அதைப் பார்த்துக்கொண்டிருந்த உன் டைரக்டர் ஓடி வந்து, இதுதாண்டா முடிவு, இதை எடுப்போம் என்றார். வேறு யாரையும் பரிமாற விடவில்லை. திரையில் உன் கை மட்டும் தெரியும்படி மூன்று முறை எடுத்தார். நான் மூன்று முறை சாப்பிட்டேன். மூன்றாவது முறை பாயசத்தைப் பார்த்தாலே குமட்டியது. நீ சிரித்தாய். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். ஆமாம், தம்பி. அம்புட்டு நாளும் தெரிந்துகொண்டேதான் இருந்தேன். அப்பா போட்ட நிபந்தனை என்று இத்தனை வருஷம் எனக்கே நான் சொல்லிக்கொண்டேன். அது ஒரு சாக்கு. அவரே சொல்லிவிடலாம் என்றபோது தடுத்தவள் நான். ஏன் தெரியுமா? ஊரில் யாரும் என் பெயரைச் சொல்லிப் பாராட்ட முடியாது. நன்றாக நடித்தாய் என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. உன் பயம்தான் எனக்குக் கிடைத்த பாராட்டு. அது நான்தான் என்று சொல்லிவிட்டால் உன் பயம் போய்விடும். அதோடு அவளும் போய்விடுவாள் என்று எனக்குத் தோன்றியது. பெற்ற பிள்ளையின் நடுக்கத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி தன் ஆசைக்குத் தீனி போட்டாள். இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். அதை நீயாகப் பார்த்துச் செய்.

உனக்கும் ஒரு பிள்ளை பிறக்கும். அது எதையாவது கண்டு பயந்தால், அது எதைப் பார்க்கிறது என்று நீயும் அங்கேயே பார்த்துக்கொண்டிருக்காதே. அதன் முகத்தைப் பார். சாந்தி வேலைக்குப் போகிற பெண், அவளுக்கும் நீ அறியாத ஆசைகள் இருக்கும். அவளுக்கு நிபந்தனை எதுவும் போடாதே. போட்டால் அவள் அதை மீற மாட்டாள், அதற்குள் ஒளிந்துகொள்வாள். அது மீறுவதைவிட மோசம். ஒரே வீட்டுக்குள் ஒளிந்து வாழ்ந்தவள் சொல்கிறேன். உன் அப்பா மேல் கோபம் வைக்காதே. அவர் போட்டது பயத்தில். நான் பிடித்துக்கொண்டது விருப்பத்தில்.

ஷூட்டிங் முடிந்து, அட்டையில் உன் பேரைப் போடவா என்று நீ கேட்டாய். அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீ என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாய். நான் அவரைக் கேட்கவே இல்லை. அதனால் டிவியிலும் ‘பேய்’ என்றே வந்தது. பன்னிரண்டு வாரமும் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவில் பாதி நம் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கும். என்னை யாருக்கும் தெரியவில்லை. போன செவ்வாய் கடைசி வாரம். முற்றம் வந்தது, வெயில் வந்தது, நான் உட்கார்ந்தேன், வாளி விழுந்தது. சரியாக அப்போது கரண்டு போய்விட்டது. கூடம் முழுக்க ஐயோ என்றது. பக்கத்து வீட்டு ராஜாமணிக்குத் தாங்கவில்லை. இந்தத் தடவையும் பட்டினிதானா, பாவம் என்று மூக்கைச் சிந்தினாள். மின்விசிறி நின்ற அமைதியில் உன் அப்பாவின் குரல் கேட்டது. அவர் கதவோரம் நாற்காலியில் இருந்தார்.

“இல்லம்மா, சாப்பிட்டா. பாயசம் வரைக்கும் சாப்பிட்டா. பரிமாறுனது எம் மகன். அது எம் பொண்டாட்டி.”

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. ராஜாமணி எழுந்து வந்து என் முகத்தைக் கையால் தொட்டுப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகள் என் சேலையைப் பிடித்து இழுத்து, உட்கார்ந்து காட்டச் சொன்னார்கள். முட்டி விடாது, அடுத்த ஜென்மத்தில் உட்காருகிறேன் என்றேன். சிரித்தார்கள். உன் அப்பா எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியதா, நான் அப்படி நினைத்துக்கொண்டேனா தெரியவில்லை. கரண்டு வந்தபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

இன்னும் ஒன்று. உன் டைரக்டர் வேறொரு நாடகம் தொடங்குகிறார். அதில் ஒரு மாமியார், நல்லவளுமில்லை, கெட்டவளுமில்லை, நிறையப் பேசுகிற மாமியார். தலையை முடிந்து, முழு முகமும் தெரிய, சொந்தப் பெயரில் நடிக்க வேண்டும். என்னைக் கேட்டு எழுதியிருந்தார். இன்று காலை சம்மதம் என்று கடிதம் போட்டுவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். உன் அப்பாவைக் கேட்கவில்லை. உன்னையும் கேட்கவில்லை. சொல்கிறேன், அவ்வளவுதான்.

உன் அம்மா